வெளுப்பு

ஐந்து ரோட்டில் ஒரு பல் மருத்துவமனை.
வரவேற்பறையில் நாலடி நீளக் கடல்.
அந்தக் கடலுக்கு நான்தான் நிலா.
வாரம் இருமுறை பைக்கில் உதித்து
தண்ணீரை இறக்குவேன், ஏற்றுவேன்.

கடலென்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
ஆர்.ஓ. தண்ணீர் இருபது கேன்,
பக்கெட்டில் உப்பு,
கலக்க ஒரு பிவிசி குழாய்.
மேட்டூர்க் குழாயில் வந்த காவிரி
என் கையால் கரிக்கத் தொடங்கும்.

பவளத்தை மட்டும் கலக்க வராது.
அது ராமநாதபுரம் பஸ்ஸில் வரும்,
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்,
தெர்மாகோல் மூடியில் 'மல்லிகை' என்று எழுதி.
விடிகாலை நாலரைக்குப்
புது பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வேன்.
பில் கேட்டதில்லை.
ஏன் பில் இல்லை என்று தெரியாதவனும் இல்லை.

போன மே மாதம்
டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு பகல் கரண்ட் இல்லை.
சேலத்துக்கு நாற்பத்தொரு டிகிரி.
இன்வர்ட்டர் டாக்டரின் நாற்காலிக்கே சரியாக இருந்தது.
தொட்டியில் முப்பத்திரண்டு,
சாயங்காலம் முப்பத்துமூன்று.
நான் பிரிட்ஜ் வைத்திருக்கும் வீடெல்லாம் ஏறி
ஐஸ் கேட்டேன்.

மூன்றாம் நாள்
பழுப்பு பவளம் பளிங்காக நின்றது.
அதற்கு மேலே சுவரில் விளம்பரம்:
*பற்களை வெண்மையாக்க முப்பது சதவீதச் சலுகை.*

"இப்பத்தான் அழகா இருக்கு" என்றார்
டாக்டர் குணவர்த்தினி.

எப்படிச் சொல்வது?
அது கல் இல்லை, செடி இல்லை;
ஆயிரம் வாய்.
ஒவ்வொரு வாய்க்குள்ளும் ஒரு பாசி குடியிருந்து
வெயிலைச் சமைத்து
வாடகையைச் சர்க்கரையாகக் கொடுத்துவந்தது.
சூடு ஏறினால்
வீட்டுக்காரனே குடித்தனத்தை வெளியே தள்ளுகிறான்.
பிறகு பட்டினி.
அழகு என்று அவர் சொன்னது
எலும்பு தெரிவதை.

அன்று கடைவாய்ப் பல் பிடுங்க வந்திருந்தாள்
செங்கோல்மேரி.
ஏர்வாடிப் பக்கம். பாசி எடுக்கிற கை;
விரல்நுனி முழுக்க பழைய கீறல்.
தாடையில் பஞ்சோடு தொட்டியில் குனிந்து
"இது எவ்வளவு?" என்றாள்.

நாலாயிரம்.

"எங்களுக்குப் பொட்டிக்கு அறுநூறு தந்தாங்க."

பஞ்சை மாற்றிக்கொண்டு,
எனக்கென்றில்லாமல் கண்ணாடிக்குச் சொன்னாள்:
"அலைய மொதல்ல கடிக்கிறது இதுதான்.
கடிச்சுத் துப்பினதுதான் கரைக்கு வரும்.
எங்க பக்கம் ரெண்டு வரிசை போயிருச்சு.
இப்ப தண்ணி பல்லுப்படாம
நேரா அடுப்படிக்கு வருது.
மீன்குஞ்சுக்கும் ஒதுங்க எடமில்ல."

பிரிசில்லா அவள் பெயரைக் கூப்பிட்டாள்,
பில் கொடுக்க.
அவளுக்கு பில் உண்டு.

வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பார்கள்.
வெளுத்ததெல்லாம் பிணமும் இல்லை.
குளிர்ந்தால் பாசி திரும்பலாம்.
நான் கூலர் வாங்கினேன், என் காசில்.
இரவில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஐந்தாம் வாரம்
அடியோரத்தில் தேநீர்க்கறை போல ஒரு நிறம்.
மூன்று துண்டில் ஒன்றுக்கு.
மற்ற இரண்டும் சுண்ணாம்பு,
செட்டிச்சாவடிப் பக்கம் குவித்திருக்கும்
வெள்ளைக்கல் மாதிரி.

தொட்டிக்கு ஒரு கூலர் போதும்.
மன்னார் வளைகுடாவுக்கு
எந்தக் கடையில், எந்தத் தவணையில்?

நேற்று ஏற்காட்டில் ஒரு ரிசார்ட் அழைத்தது.
ஆறடித் தொட்டி, பவளம் நிறைய வேண்டுமாம்,
மலைமேல் கடல் பார்க்க ஆட்கள் வருவார்களாம்.
அளவெடுக்கக் கிளம்பினேன்; அதை மறைக்கவில்லை.
ஏழாம் வளைவில் போன்.
பெட்டிக்காரன்.

"அஞ்சு பொட்டி ரெடி, ஏத்திரவா?"

வேண்டாம் என்றேன்.
சிக்னல் அறுந்தது.

பதினோராம் வளைவில் மறுபடி அடித்தான்:
"சரியாக் கேக்கல, ஏத்திரவா?"
வேண்டாம்.
அதையும் மூங்கில் புதர் விழுங்கியது.

பைக்கை ஓரம் கட்டினேன்.
கீழே சேலம், வெயிலில் வெளுத்து.
ஒரு கம்பி வந்தது, இரண்டு கம்பி.

இந்த முறை நானே அடித்தேன்.